கட்டம் போடாத படம்

பேனாவா? இந்தாங்கண்ணே. மூடிய மட்டும் தொலைச்சிராதீங்க, ஏற்கெனவே ரெண்டு மூடி இந்த பெஞ்சுல போயிருக்கு. ஜெயிலுக்கு மொத தடவையா வர்றீங்களா? பாத்தாலே தெரியுது. மொத தடவை வர்றவங்க மனு எழுதி முடிச்சதும் எந்திரிச்சு நின்னுக்குவாங்க, இப்பவே கூப்பிட்ருவாங்கன்னு. ஒக்காருங்க. போர்டுல பத்து மணின்னு போட்டிருக்கும். பதினொன்றரைக்கு முன்னாடி அந்தக் கதவு தெறந்து நான் பாத்ததில்ல.

மூணாவது வரியில 'உறவு முறை'ன்னு இருக்கு பாருங்க, நீங்க மச்சானத்தான பாக்க வந்திருக்கீங்க, அதுல மச்சான்னு எழுதுங்க. போதும். எனக்குத்தான் அந்த வரியில தடுமாட்டம். நான் பாக்க வந்தவன் எனக்கு உறவு இல்ல. நண்பர்னு எழுதுறேன். அவன உள்ள அனுப்புனவன்னு எழுத அதுல எடம் பத்தாது.

சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன். நான் போலீசும் இல்ல, வக்கீலும் இல்ல. ஆர்ட்டிஸ்ட்.

பேரு தணிகாசலம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி தணிகை ஆர்ட்ஸ்னு ஒரு கடை. நம்பர் பிளேட்டு எழுதுவேன். பள்ளிக்கூடத்து சுவத்துல உலக உருண்டை போடுவேன். கல்யாண மண்டபத்து வாசல்ல கைகூப்பிக்கிட்டு நிக்கிற பொம்பள போடுவேன். செத்துப் போனவங்க போட்டோவக் குடுத்தா பெருசா வரைஞ்சு குடுப்பேன். இதுல எதுவும் தப்பில்லயே?

கடை போர்டுல மொதல்ல பெயின்டர் தணிகாசலம்னுதான் எழுதியிருந்தேன். வாரத்துக்கு நாலு பேரு வந்து, வீட்டுக்கு சுண்ணாம்பு அடிக்க வர்றியான்னு கேட்டாங்க. சுண்ணாம்பு அடிக்கிறத நான் கேவலமா சொல்லல. எனக்கு ஏணி ஒத்துக்காது. அதனால பெயின்டர அழிச்சிட்டு ஆர்ட்டிஸ்ட்னு எழுதினேன். அவ்வளவுதாண்ணே காரணம். ஏணி.

ஆனா எழுதினதுக்கப்புறம் அந்த வார்த்த மேல ஒரு இது வந்துருச்சு. ரோட்டுல போகும்போது யாராவது 'ஆர்ட்டிஸ்ட் சார்'னு கூப்பிட்டா ஒடனே திரும்ப மாட்டேன். இன்னொரு தடவ கூப்பிடட்டும்னு நாலடி நடப்பேன்.

இப்ப ஒண்ணு சொல்றேன், இத எங்க ஊர்ல யாருகிட்டயும் சொன்னதில்ல. எனக்குக் கட்டம் போட்டாத்தான் வரைய வரும். பகல்ல லாரி ஆபீசுல மூட்டை ஏத்திட்டு, ராத்திரி பள்ளிக்கூடத்துல பத்தாவது படிச்சேன். அங்க ஒரு வாத்தியாரு சொல்லிக் குடுத்தது. போட்டோ மேல சின்னச் சின்னக் கட்டமா கோடு போட்டுக்கணும். பெரிய பேப்பர்ல அதே கணக்குக்குப் பெரிய கட்டம். அப்புறம் ஒவ்வொரு கட்டமாப் பாத்து, உள்ள என்ன இருக்கோ அத அப்படியே எறக்கணும். அந்தக் கட்டத்துல இருக்கிறது மூக்கா முட்டைக்கோசான்னு நமக்குக் கவல இல்ல. கடைசில எந்திரிச்சுத் தள்ளி நின்னு பாத்தா மூக்கு இருக்கும்.

போட்டோ இருந்தா எமனையும் வரைஞ்சிருவேன். போட்டோ இல்லேன்னா என் பொண்டாட்டிய வரையச் சொன்னாக்கூட வராது. இத நான் மறைக்கல. யாரும் கேக்கல.

போன ஆவணில எங்க ஊர்ல ஒரு சங்கிலி பறிப்பு. வசந்தகோகிலம் டீச்சர்னு, கணக்கு டீச்சர், ரிட்டயர் ஆயிட்டாங்க. காலைல ஆறு மணிக்கு நடக்கப் போயிருக்காங்க. வேகத்தடைகிட்ட பைக்குல ரெண்டு பேரு மெதுவா வந்து, பின்னாடி ஒக்காந்திருந்தவன் சங்கிலிய இழுத்துட்டான். டீச்சர் கழுத்துல காயம், முட்டியில காயம். அந்த எடத்துல கேமரா இருக்கு. ஆனா அது ரொம்ப நாளா வேப்பங்கிளையத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

டீச்சர் மட்டும், 'திரும்பிப் பாத்தான், நான் மொகத்தப் பாத்தேன்'னு சொல்லியிருக்காங்க. ஒடனே எங்க இன்ஸ்பெக்டர், ஊர்ல எவனாவது ஆர்ட்டிஸ்ட் இருக்கானான்னு கேட்டிருக்காரு. ஊர்ல அப்படி போர்டு வச்சிருக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

ஜீப் வந்து கடை வாசல்ல நின்னுச்சு. 'ஆர்ட்டிஸ்ட் யாருய்யா?' 'நாந்தான்'னேன். அந்த ஒரு வார்த்ததாண்ணே. நாந்தான்.

எதிர்ல இஸ்திரி வண்டி போட்டிருக்கிறவன் முனிரத்தினம். பதினோரு வருஷமா என் கடைக்கு நேர் எதிர்ல அவன் வண்டி. நான் ஜீப்புல ஏறுறதப் பாத்துட்டு, துணி குடுக்க வந்த ஒரு அம்மாகிட்ட சொல்றான், 'பயப்படாதீங்கம்மா, அவர ஆர்ட்டிஸ்டாத்தான் கூட்டிட்டுப் போறாங்க. அக்யூஸ்ட்டா கூட்டிட்டுப் போனா பின்னாடில்ல ஒக்கார வப்பாங்க.' அவன் பேச்சு அப்படித்தான் இருக்கும். அவனப் பாக்கத்தான் இப்ப மனு போட்டிருக்கேன்.

ஸ்டேஷன்ல டீச்சர் கழுத்துல கட்டோட ஒக்காந்திருந்தாங்க. எனக்கு மேசை, பேப்பர், பென்சில், டீ. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? வெறும் பேப்பர்ல கட்டம் போட ஆரம்பிச்சேன். எதப் பாத்து எறக்கப் போறேன்? ஒண்ணும் இல்ல. கைக்கு வேற ஒண்ணும் தெரியாது, கட்டம் போட்டுச்சு. இன்ஸ்பெக்டர் எட்டிப் பாத்துட்டு, 'பாத்தியாய்யா, முறைப்படி பண்றான்'னாரு. அதுக்கப்புறம் எப்படிண்ணே எனக்கு வராதுன்னு சொல்றது? கட்டம் வேற ஜோரா போட்டிருந்தேன்.

டீச்சர் சொன்னாங்க. ஒடுங்கின மூஞ்சி. கன்னம் உள்ள போயிருக்கும். மூக்கு சாதாரணமா இருக்கும். 'சாதாரணமான்னா எப்படி டீச்சர்?'னு கேட்டேன். 'சாதாரணமான்னா சாதாரணமாத்தாம்பா'ன்னாங்க. வரைஞ்சேன். ஒரு மணி நேரத்துல ஒரு மூஞ்சி வந்துருச்சு. எங்கேருந்து வந்துச்சுன்னு நான் யோசிக்கல. வந்துச்சேன்னு இருந்தேன். டீச்சர் கொஞ்ச நேரம் பாத்தாங்க. 'இவன்தான்'னாங்க. இன்ஸ்பெக்டர் என் தோள்ல தட்டினாரு. கீழ ஓரமா தணிகைன்னு கையெழுத்துப் போட்டேன். கேட்டுப் போடல, பழக்கம்.

நோட்டீசு அடிச்சு ஊரெல்லாம் ஒட்டுனாங்க. என் கடை சுவத்துலயும் ஒண்ணு. நாந்தான் கேட்டு வாங்கி ஒட்டுனேன். நேர் எதிர்ல முனிரத்தினம் நாள் பூரா அதப் பாத்துக்கிட்டே துணி தேச்சான். ரெண்டாம் நாளு வந்து கிட்ட நின்னு பாத்துட்டு, 'நல்லா வரைஞ்சிருக்கப்பா. ஆனா ஆளு முழியே சரியில்ல. இவனெல்லாம் எதுவும் செய்வான்'னான். எனக்கும் ஒண்ணும் தோணல. ரெண்டு பேருமா நின்னு, திருட்டு முழின்னா என்னன்னு கொஞ்ச நேரம் பேசினோம்.

மூணாம் நாளு எவனோ ஸ்டேஷனுக்குப் போன் பண்ணியிருக்கான். ஜீப் வந்துச்சு. இந்தத் தடவ ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு.

ஏட்டு பரசுராமன் நோட்டீசக் கையில வச்சுக்கிட்டு முனிரத்தினம் மூஞ்சி பக்கத்துல பிடிச்சாரு. அப்பத்தாண்ணே பாத்தேன். அதே கன்னம். அதே காது. படத்துல கீழ் உதட்ட லேசா கடிச்சிருந்துச்சு, அது அவன் சட்டைக்குக் காலர் தேய்க்கும்போது கடிக்கிறது. எந்தத் திருடன் பைக்குல போகும்போது உதட்டக் கடிச்சுக்கிட்டு, மடிப்பு கலையாம பாத்துக்கிட்டுப் போவான்? வேல செஞ்சு கண்ணு வலிச்சா நான் தல தூக்கிப் பாப்பேன். தல தூக்கினா அவன்தான் இருப்பான். பதினோரு வருஷம். வேற மூஞ்சி கைக்கு எப்படித் தெரியும்?

உங்ககிட்ட மறைக்கக் கூடாது. அந்த நேரத்துல மொதல்ல எனக்குத் தோணுனது, 'அட, போட்டோ இல்லாமலே வந்திருக்கே'ன்னுதான். ரெண்டாவதுதான் அய்யோன்னு தோணுச்சு. ரெண்டுக்கும் நடுவுல ரொம்ப நேரம் ஆகல.

கூட்டிட்டுப் போயிட்டாங்க. இந்தத் தடவ பின்னாடிதான் ஒக்கார வச்சாங்க. வண்டியில ஒரு வெள்ளச் சட்டை பாதி தேச்சபடி கெடந்துச்சு. நாந்தான் போயி பெட்டியில இருந்த கரியக் கீழ கொட்டித் தண்ணி ஊத்துனேன்.

அவன் பொண்டாட்டி தெய்வானை அன்னிக்கு சாயங்காலம் கடைக்கு வந்துச்சு. அழுவும், திட்டும்னு நெனச்சேன். 'அண்ணே, படத்தக் கொஞ்சம் மாத்தி வரைஞ்சு குடுத்துருங்க'ன்னுச்சு. அதுக்கு அது அவ்வளவு சுளுவான விஷயம். கை நீளம் பத்தலன்னா தையக்காரன்கிட்ட குடுக்கிற மாதிரி.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னேன், 'சார், அது திருடன் மூஞ்சி இல்ல. எதிர்க்கடைக்காரன் மூஞ்சி. எனக்கு மனசுல இருந்து வரைய வராது, வேற மூஞ்சி தெரியாம அவன வரைஞ்சிட்டேன்.'

'அப்ப நீ ஆர்ட்டிஸ்ட் இல்லயா?'

'இல்ல சார்.'

'போர்டு வச்சிருக்க. கட்டம் போட்ட. கையெழுத்துப் போட்டிருக்க. அப்பல்லாம் ஆர்ட்டிஸ்ட். இப்ப கூட்டாளி மாட்டிக்கிட்டான்னதும் இல்லயா?'

'அவனுக்கு பைக் ஓட்டவே தெரியாது சார்'னேன்.

'பின்னாடி ஒக்காந்தவனுக்கு எதுக்குய்யா ஓட்டத் தெரியணும்?'

அப்புறம் காலைல ஆறு மணிக்கு அவன் எங்க இருந்தான்னு கேட்டாரு. வீட்டுல தூங்கினான். பாத்தது யாரு? தெய்வானை. பொண்டாட்டி சொல்றதெல்லாம் எடுத்துக்க மாட்டேன்னுட்டாரு. அவன் ஏழு மணிக்கு வண்டியத் தள்ளிட்டு வந்தா, அதுக்கப்புறம் நான் சாட்சி. ஆறு மணிக்கு நான் எங்க போக?

அப்ப அவருக்கு ஒரு யோசனை. ஏட்டு பரசுராமனக் கூப்பிட்டாரு. 'உங்க அப்பாவ இவன் பாத்திருக்கானா?' ஏட்டு, 'இல்ல சார், அவர் தவறி இருபத்திரெண்டு வருஷமாச்சு. எங்ககிட்டயே ஒரு போட்டோ கெடையாது'ன்னாரு. 'சொல்லுங்க, இவன் வரையட்டும். வரலேன்னா இவன் சொல்றதப் பத்தி யோசிப்போம்'னாரு.

மனசுல நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? வராதே. எனக்கு வராதே. எதையாவது கிறுக்கி வைப்போம், இல்ல மறுபடியும் முனிரத்தினம் மூஞ்சியே வரும், ரெண்டுல எது வந்தாலும் அவன் வெளிய வந்துருவான். கட்டம்கூடப் போடல. கெடுக்கப் போற படத்துக்குக் கட்டம் எதுக்கு?

ஏட்டு நின்னுக்கிட்டே சொன்னாரு. டீச்சர் மாதிரி ஒடுங்கினது, சாதாரணமானதுன்னு சொல்லல. 'எங்கப்பா உப்பளத்துல வேல செஞ்சவரு. வெளிச்சத்துக்கு ஒரு கண்ண எப்பவும் இடுக்கிக்குவாரு. வீட்டுக்குள்ள வந்தாலும் அந்தக் கண்ணு விரியாது. நாங்க ஏதாவது கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாரு, மோவாயச் சொறிவாரு. அப்ப வாய் ஒரு பக்கமா போகும்'னாரு. அப்புறம் அவரு என்னப் பாத்துப் பேசல. சன்னலப் பாத்து பேசிக்கிட்டிருந்தாரு.

பென்சில் போச்சுண்ணே. நான் போகச் சொல்லல. ஒரு எடத்துல நிறுத்தணும்னு நெனச்சேன். கண்ண மட்டுமாவது கெடுத்துரலாம்னு நெனச்சேன். கண்ணத்தான் மொதல்ல போட்டு முடிச்சிருந்துச்சு.

ஏட்டு வந்து பாத்தாரு. தொப்பியக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டாரு. 'அப்பா'ன்னாரு. படத்தப் பாத்துத்தான் சொன்னாரு. ஸ்டேஷன்ல இருந்தவங்க எல்லாம் கூடிட்டாங்க. லாக்கப்புல இருந்து ஒருத்தன், 'எனக்கும் காட்டுங்க சார்'ங்கிறான். அது முனிரத்தினம் இல்ல, வேற ஆளு. முனிரத்தினம் உள்ள சுவத்தோரமா ஒக்காந்திருந்தான்.

இன்ஸ்பெக்டர் படத்த எடுத்துப் பாத்துட்டு, 'இது வரையத் தெரியாத கையாய்யா?'ன்னாரு. கேஸ் அன்னிக்கு அங்கயே கெட்டியாயிருச்சு. ஏட்டு அந்தப் படத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு. சட்டம் போட்டு மாட்டியிருக்காராம்.

நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு தெரியுது. வேணும்னே கெடுத்திருக்கலாமே, ஒரு கோட்டக் கோணலா இழுத்திருந்தா முடிஞ்சுதேன்னு. தெய்வானையும் அதேதான் கேட்டுச்சு. உங்களுக்கு வேற தொழிலு, சொன்னாப் புரியாது. தப்பு என் மேல இல்ல. கை மேல.

ஆனா ஒரு நல்லது நடந்துச்சுன்னு நெனச்சேன். இப்பத்தான் எனக்கு வரையத் தெரியுமே. டீச்சர் வீட்டுக்குப் போவோம், மறுபடி சொல்லச் சொல்லுவோம், இந்தத் தடவ உண்மையான திருடன வரைஞ்சு குடுத்துருவோம். ஆளு கெடைச்சா இவன விட்டுருவாங்க. சரியான யோசனைதானே?

டீச்சர் நல்லவங்க. உள்ள கூப்பிட்டு ஒக்கார வச்சாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன். கோவப்படல. 'நிரபராதி உள்ள இருக்கக் கூடாதுப்பா'ன்னாங்க. அந்த வார்த்தய அவங்க சொன்னப்ப எனக்கு உசுரு வந்துச்சு. 'டீச்சர், அந்தப் படத்த மறந்துட்டு, கண்ண மூடிக்கிட்டு, அந்தக் காலை நேரத்துக்குப் போங்க'ன்னேன்.

மூடினாங்க. கைய மடியில வச்சுக்கிட்டு, பாடம் ஒப்பிக்கிற புள்ள மாதிரி. ஃபேன் மட்டும் ஓடுது.

'வேகத்தடை வருது. பைக் சத்தம். கழுத்துல சுருக்குன்னுது. திரும்பறான்.' நிறுத்திட்டாங்க. நான் பென்சிலப் பிடிச்சுக்கிட்டு பேப்பர் மேல குனிஞ்சிருக்கேன். 'மொகம் வர எடத்துல உங்க படம் வருதுப்பா'ன்னாங்க.

'அதத் தள்ளிட்டுப் பாருங்க டீச்சர்.'

'தள்ளினா ஒண்ணுமே இல்ல. வெறும் வெள்ளையா இருக்கு.'

மறுபடி மூடினாங்க. மறுபடி சொன்னாங்க. இந்தத் தடவ ஒடுங்கினது, சாதாரணமானதுங்கிற பேச்சே இல்ல. எல்லாம் துல்லியம். காது மடல் எப்படி, புருவம் எங்க கலைஞ்சிருக்கு, கீழ் உதட்ட எந்தப் பக்கம் கடிச்சிருக்கான். நான் வரைஞ்சத எனக்கே திருப்பிச் சொன்னாங்கண்ணே. நான் எழுதிக் குடுத்த விடைய நானே திருத்துற மாதிரி. கை கேக்குமா? சொல்லச் சொல்ல வரைஞ்சுக்கிட்டே போச்சு. முடிச்சப்ப டீச்சர் கண்ணத் தெறந்து பாத்தாங்க. அவங்களுக்கே அழுக. 'நான் என்னப்பா பண்றது? எனக்கு இவனத்தான் தெரியுது'ன்னாங்க.

அடுத்த வாரம் இந்த ஜெயிலுக்குள்ளயே மாஜிஸ்திரேட்டு முன்னால ஆள் அடையாளம் காட்டச் சொன்னாங்க. ஒரே மாதிரி ஒம்பது பேர நிறுத்தி நடுவுல இவன். டீச்சர் நேரா நடந்து போயி இவனத் தொட்டுட்டாங்களாம். தொட்டுட்டு, 'மன்னிச்சுக்கப்பா'ன்னாங்களாம். அத எழுதிக்கிட்டாங்களான்னு தெரியல.

அவன் எம்மேல கோவப்படல, அதான் பெரிய தொந்தரவு. போன வாரம் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுக் கேக்கிறான், 'வண்டி மழையில நனையுதா? அந்த வெள்ளச் சட்டைக்காரரு வந்தாரா?' நான், 'தார்ப்பாய் போட்டிருக்கேன், சட்டையத் தெய்வானை தேச்சுக் குடுத்துருச்சு'ன்னேன். 'அதுக்குக் காலர் வராதே'ன்னான். அவ்வளவுதான் பேச்சு. கூப்பிட்டுட்டாங்க.

இப்ப இலவச சட்ட உதவியில ஒரு வக்கீல் கேசப் பாக்குது. சின்னப் பொண்ணு, கெட்டிக்காரி. 'ஐயா, கோர்ட்டுல உங்களக் கூப்பிடுவோம். கூண்டுல ஏறி ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. நான் ஓவியன் இல்ல, போட்டோவப் பாத்து நகல் எடுக்கிறவன், எனக்கு ஆள் சொல்லி வரைய வராது. இதச் சொன்னா மீதிய நான் பாத்துக்கறேன்'னுச்சு. 'சொல்லிடறேம்மா'ன்னேன்.

சொல்லிருவேண்ணே. அவனுக்காகச் சொல்ல மாட்டேனா? ஆனா சத்தியம் வாங்கிட்டுத்தான கேப்பாங்க? ரெண்டு மாசத்துக்கு முன்னாடின்னா அது முழு உண்ம. இப்ப அது பொய்யாயிருச்சே. ஏட்டு வீட்டுச் சுவத்துல இருக்கிறது நகல் இல்லயே. இதச் சொன்னதுக்கு அந்தப் பொண்ணு என்னை ஒரு பார்வ பாத்துச்சு. 'ஐயா, உங்களுக்கு அவரு வெளிய வரணுமா வேண்டாமா?'ன்னுச்சு. என்ன கேள்விண்ணே அது? வாரா வாரம் ரெண்டு பஸ்சு மாறி வர்றேன்.

அப்புறம் டீச்சர் வீட்டுல வரைஞ்சத என்ன செஞ்சீங்கன்னு கேட்டுச்சு. வச்சிருக்கேன்னேன். அதுக்கு வேர்த்துப் போச்சு. 'அது போலீசு கையில கெடைச்சா நான் ஒண்ணுமே பண்ண முடியாது. இன்னிக்கே கிழிச்சுப் போட்ருங்க'ன்னுச்சு. சரின்னு சொல்லிட்டு வந்தேன். பத்து நாளாச்சு.

கிழிக்கணும். கிழிக்கத்தான் போறேன். அடுப்புகிட்ட ரெண்டு தடவ கொண்டு போனேன்.

இந்தப் பையிலதான் இருக்கு. பாக்குறீங்களா? இப்படித் திரும்பிக்கங்க, வாசல்ல நிக்கிற வார்டர் கண்ணுல பட வேண்டாம். ஓரத்துல பிடிங்கண்ணே, மையி இல்ல, பென்சிலு, கை பட்டா கலைஞ்சிரும். அந்த நோட்டீசுல இருந்தது அவன மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இது அவனேதான். இந்தக் கன்னத்து நெழலப் பாருங்க, கரிப்பெட்டிச் சூடு ஏறின கன்னம் அது. ஒரு கட்டம் இல்ல. ஒரு அழிச்ச தடம் இல்ல. இருபத்தஞ்சு வருஷத்துல நான் இப்படி ஒண்ணு வரைஞ்சதில்ல. இத எதிர்ல ஒக்காந்து பாத்து, ஆமாய்யா, இது நாந்தான்னு சொல்ல ஒரே ஒரு ஆளுதான் இருக்கான், அவனும் உள்ள இருக்கான்.

நம்பர் கூப்பிடறாங்க போல. என்னுதுதான், பதினேழு.

ஏண்ணே, உள்ள பைய வாங்கி வச்சுக்குவாங்க, சட்டைக்குள்ள தடவ மாட்டாங்க. படத்த ரெண்டா மடிச்சு வச்சா அவன்கிட்ட கொண்டு போயிக் காட்டிரலாம். ஆனா மடிச்சா நேரா மூக்கு மேல கோடு விழுந்துரும்.